பச்சை மடிக்கணினியும் பெருவின் மலைப்பள்ளிகளும்: ஒரு நிகழ்வு ஆய்வு

தென் அமெரிக்காவின் பெரு நாடு 2008ஆம் ஆண்டு தொடங்கி நான்கைந்து ஆண்டுகளுக்குள் தன் அரசுப் பள்ளிகளுக்கு ஏறத்தாழ எட்டரை லட்சம் மடிக்கணினிகளை வாங்கி அனுப்பியது. அதற்கான செலவு சுமார் 20 கோடி அமெரிக்க டாலர். 'குழந்தைக்கு ஒரு மடிக்கணினி' என்ற பெயரில் உலகம் முழுவதும் பேசப்பட்ட முயற்சியில் இதுவே மிகப் பெரிய கொள்முதலாகக் கருதப்பட்டது. பள்ளிக் கல்வியில் தொழில்நுட்பத்தைப் புகுத்திய திட்டங்கள் எல்லா நாடுகளிலும் உண்டு என்றாலும், அவற்றில் பெரும்பாலானவற்றின் வரலாறு எத்தனை கருவிகள் வழங்கப்பட்டன என்ற எண்ணிக்கையோடு முடிந்துவிடுகிறது. பெரு இந்த விஷயத்தில் ஒரு விதிவிலக்கு. மடிக்கணினி பெற்ற பள்ளிகளையும் பெறாத பள்ளிகளையும் சமவாய்ப்பு முறையில் பிரித்து ஒப்பிட அந்நாட்டு அரசு இடம் கொடுத்தது. அந்தக் குழந்தைகள் பள்ளிப் படிப்பை முடிக்கும் வரையிலும் அவர்களைப் பின்தொடர்ந்த தரவுகள் இன்று கிடைக்கின்றன. ஊகத்தின்மேல் நின்று வாதிடாமல் சான்றின்மேல் நின்று பேச முடிகிற அரிய நிகழ்வு என்பதாலேயே இதை ஆய்வுக்கு எடுத்துக்கொள்கிறேன்.

பெருவில் மடிக்கணினி தோற்றது என்று சுருக்கமாகச் சொல்லிவிடும் வழக்கம் உண்டு. நடந்தது அதைவிடக் குறிப்பானது. நல்ல ஆசிரியரை அனுப்ப முடியாத இடத்துக்கு ஒரு கருவியை அனுப்பினால் போதும் என்ற கணக்குத்தான் அங்கே தவறிப்போனது. அந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது, எப்படித் தவறியது என்பதைப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கருவியும் அதன் பின்னிருந்த கொள்கையும்

இந்த முயற்சியின் வேர், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றிய கணிதவியலர் சீமோர் பேப்பர்ட்டின் சிந்தனையில் இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் உளவியலர் ஜான் பியாஜேயுடன் சில ஆண்டுகள் பணியாற்றிய பேப்பர்ட், குழந்தை ஒன்றைத் தானே உருவாக்கும்போதுதான் ஆழமாகக் கற்கிறது என்றும், அப்படி உருவாக்குவதற்குக் கணினி ஒப்பற்ற களம் என்றும் நம்பினார். 1960களின் பிற்பகுதியில் அவரும் அவருடைய சகாக்களும் வடிவமைத்த லோகோ என்ற நிரல்மொழியில், ஓர் ஆமைக்குக் கட்டளையிட்டுக் கோடு வரையவைக்கும் குழந்தை, கோணம் என்றால் என்ன என்பதைத் தன் கையால் கண்டுகொள்கிறது. அருகில் ஒரு நல்ல ஆசிரியர் இருக்கும்போது இது எவ்வளவு அழகாக நிகழ்கிறது என்பதைப் பார்த்தவர்கள் அந்தச் சிந்தனையை எளிதில் ஒதுக்கிவிட மாட்டார்கள்.

ஆய்வுக்கூடத்தில் பிறந்த அந்தச் சிந்தனையை நாடுகள் கொள்முதல் செய்யக்கூடிய பொருளாக மாற்றியவர், அதே கழகத்தின் ஊடக ஆய்வுக்கூடத்தை நிறுவியவர்களில் ஒருவரான நிக்கோலஸ் நெக்ரோபோன்டே. 2005 ஜனவரியில் டாவோஸ் நகரில் அவர் 100 டாலர் மடிக்கணினி என்ற திட்டத்தை அறிவித்தார். அதே ஆண்டு நவம்பரில் துனீசியத் தலைநகரில் நடந்த தகவல் சமூக உச்சிமாநாட்டில், ஐ.நா. பொதுச்செயலர் கோஃபி அன்னானுடன் சேர்ந்து மாதிரி வடிவத்தை வெளியிட்டார். மின்சாரம் இல்லாத ஊரில் கையால் சுற்றி மின்னூட்டிக்கொள்வதற்காக அதில் மஞ்சள் நிறக் கைப்பிடி ஒன்று இருந்தது. மேடையிலேயே அது கையோடு வந்துவிட்டதாகச் செய்திகள் கூறின. உற்பத்திக்கு வந்த கருவியில் அந்தக் கைப்பிடி இடம்பெறவில்லை. 100 டாலர் விலையும் எட்டப்படவில்லை. 2007ஆம் ஆண்டின் இறுதியில் உற்பத்தி தொடங்கியபோது ஒரு கருவியின் விலை ஏறக்குறைய 188 டாலராக இருந்தது.

கருவி மோசமானது என்று யாரும் சொல்ல முடியாது. எக்ஸ்ஓ என்று பெயரிடப்பட்ட அந்தப் பச்சை வெள்ளைப் பெட்டியின் திரையைக் கொளுத்தும் வெயிலிலும் படிக்கலாம். தூசியும் நீர்த்துளியும் புகாதபடி விசைப்பலகை ஒரே ரப்பர் விரிப்பாக வார்க்கப்பட்டிருந்தது. மின்நுகர்வு மிகக் குறைவு. காது போல நிமிரும் இரண்டு அலைவாங்கிகள் வழியாக, இணையம் இல்லாத ஊரிலும் அருகருகே உள்ள கணினிகள் தமக்குள் பேசிக்கொள்ளும். 433 மெகாஹெர்ட்ஸ் மையச் செயலகமும், 256 மெகாபைட் நினைவகமும், 1 கிகாபைட் சேமிப்பிடமும் அன்றைய அளவிலேயே சிறியவைதான் என்றாலும் சுழலும் வன்தட்டு இல்லாததால் கீழே விழுந்தாலும் எளிதில் கெடாது. பிற்காலத்தில் மலிவு விலைச் சிறு மடிக்கணினிகள் சந்தைக்கு வருவதற்கு இது ஒரு தூண்டுகோலாக அமைந்தது என்பதையும் மறுக்க இயலாது.

கருவியோடு ஐந்து கொள்கைகளும் வந்தன. கணினி குழந்தைக்கே சொந்தமாக இருக்க வேண்டும். தொடக்கப்பள்ளி வயதிலேயே தரப்பட வேண்டும். ஒரு பள்ளியிலோ ஊரிலோ ஒருவர் விடாமல் எல்லாக் குழந்தைகளுக்கும் தரப்பட வேண்டும். கணினிகள் இணைப்பில் இருக்க வேண்டும். மென்பொருள் கட்டற்றதாக, அதாவது யாரும் மாற்றிப் பகிரக்கூடியதாக இருக்க வேண்டும். இந்த ஐந்தில் எதிலும் ஆசிரியர் வரவில்லை என்பதை வாசகர் கவனிக்க வேண்டும். அது தற்செயலான விடுபாடும் அன்று. பள்ளி என்ற அமைப்பின்மீது பேப்பர்ட்டின் வழிவந்தவர்களுக்கு நெடுங்காலமாக இருந்த அவநம்பிக்கையின் விளைவு. பல ஆண்டுகளுக்குப் பிறகு, கைக்கணினிகளை (டேப்லெட்) ஹெலிகாப்டரிலிருந்து கிராமங்களில் போட்டுவிட்டு ஓராண்டு கழித்து வந்து பார்க்கலாம் என்ற அளவுக்கு நெக்ரோபோன்டே பேசியதும் இதே நம்பிக்கையின் நீட்சிதான்.

எல்லா அரசுகளும் இதற்கு மயங்கிவிடவில்லை. இந்தியாவின் மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் 2006ஆம் ஆண்டிலேயே மறுத்துவிட்டது. கற்பித்தல் நோக்கில் இது ஐயத்துக்குரியது என்றும், நாட்டுக்கு இதைவிட அவசரமாக வேண்டியவை வகுப்பறைகளும் ஆசிரியர்களுமே என்றும் அன்றைய கல்விச் செயலர் சுதீப் பானர்ஜி கருத்துத் தெரிவித்தார். தமிழ்நாட்டில் 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தை இதனோடு சேர்த்துப் பேசுவோர் உண்டு. அது மேல்நிலைப் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கான உதவி. ஆறு வயதுக் குழந்தைக்கு எழுத்தும் எண்ணும் வரவழைப்பது அதன் நோக்கமாக இருந்ததில்லை. ஆகவே இரண்டையும் ஒரே தராசில் நிறுத்துவது பொருந்தாது. லிபியா, நைஜீரியா, தாய்லாந்து ஆகிய நாடுகள் லட்சக்கணக்கில் வாங்கும் என்று தொடக்கத்தில் பேசப்பட்டது. அந்தப் பேச்சுகள் கொள்முதலாக முடியவில்லை. இறுதியில் மிகப் பெரிய எண்ணிக்கையில் வாங்கிய நாடுகள் பெருவும் உருகுவேயும்தான்.

பெருவின் கணக்கு

பெரு இதை ஏன் வாங்கியது என்பதைப் புரிந்துகொள்ள அந்நாட்டுத் தொடக்கக் கல்வியின் அன்றைய நிலையைப் பார்க்க வேண்டும். ஆண்டிஸ் மலைத்தொடரும் அமேசான் காடும் நாட்டின் பெரும்பரப்பை நிறைத்திருப்பதால், சாலை எளிதில் எட்டாத ஊர்களில் ஆயிரக்கணக்கான சிறு பள்ளிகள் இயங்குகின்றன. அவற்றுள் பல ஓராசிரியர் பள்ளிகள். மற்றவற்றில் இரண்டு மூன்று ஆசிரியர்கள் ஆறு வகுப்புகளையும் பகிர்ந்து நடத்துவார்கள். 2007ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அரசு நடத்திய ஆசிரியர் மதிப்பீட்டில், தேர்வெழுதியவர்களில் பெரும்பாலானோர் அடிப்படைக் கணிதத்திலும் வாசித்துப் புரிந்துகொள்வதிலும் எதிர்பார்த்த நிலையை எட்டவில்லை. மாணவர்களின் நிலையும் அதற்கேற்பவே இருந்தது. இரண்டாம் வகுப்பு மாணவர்கள் அனைவருக்கும் நடத்தப்படும் தேசியத் தேர்வில், 2011இல்கூட, வாசிப்பில் ஏறத்தாழ 30 விழுக்காட்டினரும் கணிதத்தில் 13 விழுக்காட்டினரும் மட்டுமே வகுப்புக்குரிய நிலையில் இருந்தனர்.

அலன் கார்சியா குடியரசுத் தலைவராக இருந்த காலம் அது. கல்வி அமைச்சர் ஹோசே அந்தோனியோ சாங்கின் கீழ் இத்திட்டத்தை முன்னின்று நடத்தியவர் ஆஸ்கர் பெசெரா. அவர்களது எண்ண ஓட்டத்தை இவ்வாறு தொகுக்கலாம்: தொலைதூர ஊர்களின் ஆசிரியர்களை ஓரிரு ஆண்டுகளில் மேம்படுத்திவிட முடியாது; புதியவர்களை அனுப்பினாலும் அங்கே தங்க மாட்டார்கள்; எனவே தானே கற்கும் வாய்ப்பைக் குழந்தையின் கையில் கொடுத்துவிடலாம். இந்த எண்ணத்தில் அக்கறை இல்லை என்று சொல்ல மாட்டேன். வசதியான நகரப் பள்ளிகளை விட்டுவிட்டு, மிக ஏழ்மையான மாவட்டங்களின் மிகச் சிறிய பள்ளிகளுக்கே முதல் கருவிகள் போக வேண்டும் என்று முடிவெடுப்பதற்கு அரசியல் துணிவு தேவை. கருவிகள் எப்போதும் நகரத்தில் தொடங்கி நகரத்திலேயே நின்றுவிடும் நாடுகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது வியப்பளிக்கும்.

2007இல், தலைநகர் லிமாவிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் உள்ள அராவாய் என்ற மலையூரில் முன்னோட்டம் நடந்தது. சுமார் 50 குழந்தைகள் படித்த பள்ளி அது. நிருபர்கள் வந்தார்கள், குழந்தைகள் ஆர்வமாகப் படமெடுத்தார்கள், எழுதினார்கள், இணையத்தில் தேடினார்கள். அங்கே வெளியிலிருந்து வந்த உதவியாளர்களின் கவனிப்பு இருந்தது. முன்னோட்டப் பள்ளிக்குக் கிடைக்கும் இந்தக் கவனிப்பைத் திட்டம் விரியும்போது ஆயிரம் பள்ளிகளுக்குக் கொடுக்க முடியுமா என்ற கேள்வி எழுப்பப்படும் முன்பே இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட கருவிகளுக்கு ஆணை போய்விட்டது.

மலைப்பள்ளியில் நடந்தது

கருவி வந்திறங்கிய பள்ளிகளில் ஆசிரியர்களுக்கு 40 மணி நேரப் பயிற்சி திட்டமிடப்பட்டிருந்தது. ஒரு வேலை வாரம் என்று வைத்துக்கொள்ளலாம். வாழ்நாளில் கணினியைத் தொட்டிராத ஓர் ஆசிரியர் அந்த ஒரு வாரத்தில் கருவியை இயக்குவது, பழுது பார்ப்பது, அதை வைத்துப் பாடம் நடத்துவது ஆகிய மூன்றையும் கற்றாக வேண்டும். முதலாவதே முழுமையாகக் கைவந்திருந்தால் வியப்பு. மூன்றாவதுக்கு நேரமே இருந்திருக்காது. அதுதான் தேவைப்பட்டது.

கருவியில் 39 செயலிகளும் குழந்தைகளின் வயதுக்கேற்ற சுமார் 200 மின்னூல்களும் ஏற்றித் தரப்பட்டன. புத்தகம் என்றாலே பாடநூல் மட்டும் என்றிருந்த வீடுகளுக்கு 200 நூல்கள் போய்ச் சேர்ந்தன என்பது தன்னளவில் பெரிய விஷயம். ஆனால் அந்தச் செயலிகளில் எதுவும் பெருவின் மூன்றாம் வகுப்புக் கணக்குப் பாடத்தின் இன்ன அலகுக்கு இன்ன பயிற்சி என்ற முறையில் அமைந்தது அன்று. எழுதுவான், ஓவியப் பலகை, கணிப்பான், இசை, ஒளிப்படம், நினைவாற்றல் விளையாட்டு, ஆமையை நகர்த்தும் நிரல் ஆகியவை அனைத்தும் திறந்த மைதானம் போன்றவை. விளையாடத் தெரிந்தவர் கூட இருந்தால் பயன்படும். எந்தப் பாடவேளையில், எதற்குப் பதிலாக, எவ்வளவு நேரம் இதைத் திறப்பது என்பதை ஆசிரியரே தீர்மானித்துக்கொள்ள வேண்டும். மூன்று வகுப்புகளை ஒரே அறையில் நடத்திக்கொண்டிருக்கும் ஒருவர் இதை எப்படித் தீர்மானிப்பார் என்பதற்கு வழிகாட்டி எதுவும் போதிய அளவில் இல்லை.

இணைப்பு என்பது ஐந்து கொள்கைகளில் ஒன்று. ஆனால் இந்தக் கிராமப் பள்ளிகளில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு இணையம் இல்லை. புதிய உள்ளடக்கம் தேவைப்பட்டால் யுஎஸ்பி நினைவகத்தில் யாராவது கொண்டுவந்து தர வேண்டும். வீட்டில் கெச்சுவாவோ அய்மாராவோ பேசும் குழந்தைகள் ஏராளமாக உள்ள மலைப்பகுதிகளுக்குப் போன கருவியின் முகப்பும் நூல்களும் பெரும்பாலும் ஸ்பானிய மொழியில் இருந்தன.

உரிமை என்ற கொள்கைக்கு நேர்ந்தது இன்னும் கவனிக்கத் தக்கது. கணினி குழந்தைக்குச் சொந்தம், அது மாலையில் வீட்டுக்குப் போக வேண்டும், பெற்றோரும் தொட்டுப் பார்க்க வேண்டும் என்பதே திட்டத்தின் உயிர்நாடி. நடைமுறையில் மாணவர்களில் பாதிப்பேர்கூடக் கருவியை வீட்டுக்கு எடுத்துச் செல்லவில்லை என்று பின்னர் நடந்த ஆய்வு காட்டியது. உடைந்தாலோ தொலைந்தாலோ யார் பதில் சொல்வது என்ற அச்சம் பள்ளிக்கும் பெற்றோருக்கும் ஒருசேர இருந்தது. அரசு முத்திரையுடன் வந்த பொருளுக்குக் கணக்குக் காட்டியாக வேண்டிய தலைமையாசிரியர் அதை அலமாரியில் வைத்துப் பூட்டுவதில் வியப்பொன்றும் இல்லை. நம் ஊர்ப் பள்ளிகளில் ஆய்வகக் கருவிகளுக்கு நேர்கிற கதையும் இதுவேதான் என்பதை ஆசிரியப் பணியில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அளந்து பார்த்தபோது

இண்டர்-அமெரிக்கன் மேம்பாட்டு வங்கியின் பொருளியலர்களும் லிமாவிலுள்ள ஆய்வாளர்களும் இணைந்து நடத்திய மதிப்பீட்டின் முடிவுகள் 2012இல் வெளியாயின. ஹூலியன் கிறிஸ்தியா தலைமையிலான இந்தக் குழு 319 கிராமத் தொடக்கப் பள்ளிகளை எடுத்துக்கொண்டது. மின்வசதி உள்ள பள்ளிகளே சேர்க்கப்பட்டன. எனவே கருவி இயங்கவே இல்லை என்ற சாக்குக்கு இடமில்லை. அவற்றில் ஒரு பகுதிக்குக் கருவிகள் கொடுக்கப்பட்டன. மற்றவை ஒப்பீட்டுக்காக நிறுத்தி வைக்கப்பட்டன. ஏறத்தாழ 15 மாதங்கள் கழித்துத் தேர்வுகள் நடத்தப்பட்டன. மாணவர்களின் கணினிகளில் பதிவாகியிருந்த பயன்பாட்டுக் குறிப்புகளும் எடுத்துப் பார்க்கப்பட்டன. ஒருவர் என்ன செய்ததாகச் சொல்கிறார் என்பதோடு நின்றுவிடாமல் கருவி என்ன பதிந்துவைத்திருக்கிறது என்பதையும் பார்த்தது இந்த ஆய்வின் தனிச்சிறப்பு.

கருவி போய்ச் சேர்ந்தது உண்மை. ஒப்பீட்டுப் பள்ளிகளில் ஒரு மாணவருக்கு 0.12 கணினி என்ற விகிதம் இருக்க, திட்டப் பள்ளிகளில் அது 1.18ஆக இருந்தது. பள்ளியிலும் வீட்டிலும் கணினிப் பயன்பாடு கணிசமாகக் கூடியிருந்தது. குழந்தைகள் அதை இயக்கவும் கற்றிருந்தனர். ஆனால் கணிதத் தேர்விலும் மொழித் தேர்விலும் இரு பிரிவினருக்கும் இடையே வேறுபாடு இல்லை. பள்ளிச் சேர்க்கை, வருகை, வீட்டுப்பாடத்துக்குச் செலவிடும் நேரம், வாசிக்கும் பழக்கம் ஆகியவற்றிலும் மாற்றம் இல்லை. 200 நூல்கள் கையில் இருந்தும் வாசிப்பு கூடவில்லை என்பது, புத்தகம் கிடைப்பதும் புத்தகம் வாசிக்கப்படுவதும் வெவ்வேறு என்று நூலகர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவருவதோடு ஒத்துப்போகிறது.

ஒரு விஷயத்தில் மட்டும் முன்னேற்றம் தென்பட்டது. பாடத்தைச் சாராமல் பொதுவான பகுத்தறியும் திறனை அளக்கும் ரேவன் படப்புதிர்த் தேர்விலும், அதை ஒத்த வேறு இரண்டு தேர்வுகளிலும் மடிக்கணினி பெற்ற குழந்தைகள் சற்று மேலே நின்றனர். ரேவன் தேர்வில் இந்த வேறுபாடு 0.11 திட்டவிலக்கம் (மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரவியிருக்கின்றன என்பதைக் காட்டும் அளவு), அதாவது சில மாத வளர்ச்சிக்கு ஈடானது என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டனர். திட்டத்தின் ஆதரவாளர்கள் இதைப் பற்றிக்கொண்டார்கள். பாடத் தேர்வுகள் பழைய கல்வியை அளக்கின்றன, புதிய கல்வி தருவதை இவைதான் காட்டுகின்றன என்பது அவர்களின் வாதம். 15 மாதம் குறுகிய காலம், பலன் பிறகு தெரியும் என்பது இன்னொரு வாதம். இரண்டுமே அப்போது மறுக்க முடியாத வாதங்கள்தான். காத்திருந்து பார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

இதற்கிடையே அதே குழுவைச் சேர்ந்த சிலர் லிமா நகரத்தில் வேறொரு சோதனையை நடத்தினர். நகரப் பள்ளி மாணவர்களில் சிலரைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, வீட்டில் வைத்துக்கொள்ள எக்ஸ்ஓ கணினிகள் கொடுக்கப்பட்டன. சில மாதங்களுக்குப் பிறகு, அவர்கள் அந்தக் கருவியை நன்றாக இயக்கினார்கள். படிப்பிலோ பொதுத்திறனிலோ மாற்றம் இல்லை. பள்ளியில் அவர்கள் காட்டும் முயற்சி குறைந்திருப்பதாக ஆசிரியர்கள் மதிப்பிட்டது மட்டுமே புதிய செய்தி.

காத்திருந்ததற்கான பதில் பிற்பாடு வந்தது. 531 கிராமத் தொடக்கப் பள்ளிகளைப் பத்தாண்டு காலத்துக்கு நிர்வாகத் தரவுகளின் வழியே பின்தொடர்ந்த நீண்டகால ஆய்வு, திட்டப் பள்ளிகளின் கல்வி அடைவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதையும் காணவில்லை. உரிய வயதில் அடுத்த வகுப்புக்குத் தேறுவதில் சிறு பின்னடைவுக்கான அறிகுறிகள்கூட இருந்தன. குழந்தைகள் தொடக்கப்பள்ளியை முடிப்பது, உயர்நிலைப் பள்ளியை முடிப்பது, பல்கலைக்கழகத்தில் சேர்வது ஆகிய எதிலும் மாற்றம் இல்லை. கணினியைக் கையாளும் திறன் மட்டும் கூடியிருந்தது. முதல் ஆய்வு காட்டிய பொதுத்திறன் முன்னேற்றம் இந்தப் பெரிய ஆய்வில் தென்படவில்லை. ஆசிரியர்களைப் பற்றிய பகுதிதான் என்னை அதிகம் நிறுத்தி யோசிக்கவைத்தது: அவர்களுக்கு ஓரளவு பயிற்சி கிடைத்திருந்தும் அவர்களது கணினித் திறன் கூடவில்லை, வகுப்பறையில் அவர்கள் கருவியைப் பயன்படுத்தியதும் குறைவே. ஐந்து கொள்கைகளில் இடம்பெறாத ஆசிரியர், பத்தாண்டு கழித்து வந்த முடிவுகளின் மையத்தில் வந்து நிற்கிறார்.

இந்த முடிவுகளை வைத்துக்கொண்டு, கணினியால் கற்பிக்கவே முடியாது என்று சொல்லிவிடுவது தவறான வாசிப்பு. இதற்கு எதிரான சான்று நம் நாட்டிலேயே இருக்கிறது. டெல்லியில் மைண்ட்ஸ்பார்க் என்ற மென்பொருளைக் கொண்டு, பள்ளி நேரத்துக்குப் பிந்தைய மையங்களில் நடுநிலை வகுப்பு மாணவர்களுக்குப் பயிற்சி கொடுத்து நடத்திய ஆய்வில், நான்கரை மாதங்களில் கணிதத்தில் 0.37, இந்தியில் 0.23 திட்டவிலக்க அளவுக்கு முன்னேற்றம் பதிவானது. கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங், அலெக்ஹாந்த்ரோ கானிமியான் ஆகிய மூவரின் இந்த ஆய்வு 2019இல் வெளியானது. பெருவின் கருவிக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு வன்பொருளில் இல்லை. ஏழாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் குழந்தை உண்மையில் மூன்றாம் வகுப்புக் கணக்கில்தான் நிற்கிறது என்பதை இந்த மென்பொருள் கண்டறிந்து, அங்கிருந்து தொடங்குகிறது. எந்த வகைத் தவறைத் திரும்பத் திரும்பச் செய்கிறது என்று பார்த்து அதற்கேற்ற கேள்வியைத் தருகிறது. வாரத்தில் இன்ன நாட்கள், இவ்வளவு நேரம் என்ற ஒழுங்கும் இருந்தது. அறுபது குழந்தைகளை வைத்துக்கொண்டிருக்கும் ஆசிரியரால் தனித்தனியாகச் செய்ய முடியாத ஒரு குறிப்பிட்ட வேலையை அது எடுத்துக்கொண்டது. பெருவில் மடிக்கணினி எந்த வேலையை எடுத்துக்கொள்ள வந்தது என்று கேட்டால், எல்லா வேலையையும் என்பதுதான் பதிலாக இருந்திருக்கும்.

உருகுவேயின் வழி

அதே கருவியை வாங்கிய உருகுவே வேறு விதமாக நடந்துகொண்டது. ஒப்பிடும்போது ஒன்றை மறக்கக் கூடாது: உருகுவே சிறிய, சமவெளியான, ஓரளவு வசதியான நாடு, மக்கள்தொகை 35 லட்சத்துக்குள். எல்லாப் பள்ளிகளுக்கும் மின்சாரமும் இணையமும் கொண்டுசேர்ப்பது அங்கே எட்டக்கூடிய இலக்கு. அதிபர் தபாரே வாஸ்கேஸின் ஆட்சியில் 2007ஆம் ஆண்டு கார்தால் என்ற சிற்றூரில் தொடங்கிய செய்பால் திட்டம், 2009 அக்டோபருக்குள் அரசுத் தொடக்கப் பள்ளி மாணவர்கள் அனைவரையும் எட்டியது. நடத்தும் பொறுப்பு கல்வி அமைச்சகத்திடம் விடப்படாமல் நாட்டின் தொழில்நுட்ப ஆய்வகத்திடம் ஒப்படைக்கப்பட்டது. பள்ளிகளுக்கு இணையம் கொடுப்பதை அரசுத் தொலைத்தொடர்பு நிறுவனம் ஏற்றுக்கொண்டது. கருவிகளில் கணிசமான பகுதி பழுதாகிக் கிடப்பது தெரியவந்ததும், பழுதுபார்க்கும் வசதி ஊர்ப்புறங்களுக்கே கொண்டுசெல்லப்பட்டது.

இவ்வளவு செய்தும் முதல் ஆண்டுகளில் உருகுவேயிலும் கணித, வாசிப்பு மதிப்பெண்கள் கூடவில்லை என்று அந்நாட்டுப் பொருளியலர்கள் 2014இல் காட்டினார்கள். அதாவது இணையமும் பராமரிப்பும் மின்சாரமும் இருந்தும், வெறும் கருவி வெறும் கருவியாகவே இருந்தது. பெருவின் தோல்வியை மின்சாரப் பற்றாக்குறையின் மேலும் இணையமின்மையின் மேலும் போடுபவர்களுக்கு இது சங்கடமான முடிவு.

உருகுவே செய்த வேலை இதற்குப் பிறகுதான் சுவையாகிறது. கருவியை அடித்தளமாக வைத்துக்கொண்டு, குறிப்பான குறைகளைத் தேடி ஒவ்வொன்றாகத் தீர்க்கத் தொடங்கினார்கள். தொடக்கப்பள்ளிகளில் ஆங்கிலம் கற்பிக்கத் தேவையான ஆசிரியர்கள் நாட்டில் இல்லை. 2012 முதல் பிரிட்டிஷ் கவுன்சிலின் துணையோடு, வேறு நாடுகளில் இருக்கும் ஆங்கில ஆசிரியர்கள் காணொளி வழியே வாரம் ஒரு முறை வகுப்பெடுத்தார்கள். வாரத்தின் மற்ற பாடவேளைகளில் பள்ளியின் வகுப்பாசிரியர் தயாரித்துத் தரப்பட்ட பாடத்திட்டத்தின்படி அதைத் தொடர்ந்தார். ஆங்கிலம் அறியாத அந்த வகுப்பாசிரியரும் குழந்தைகளோடு சேர்ந்து கற்றார். கணிதத்துக்கு, மாணவரின் நிலைக்கேற்பப் பயிற்சி தரும் இணையத்தளம் சேர்க்கப்பட்டது. அதைப் பயன்படுத்திய மாணவர்களின் அடைவு கூடியதாகப் பின்னர் வந்த ஆய்வு ஒன்று காட்டியது. இரண்டிலுமே வகுப்பறை ஆசிரியர் நீக்கப்படவில்லை, அவருக்கு என்ன வேலை என்பது எழுதி வைக்கப்பட்டிருந்தது.

பெருவில் அதன் பின்

பெருவிலோ திட்டம் திசை மாறியது. 2010ஐ ஒட்டி, குழந்தைக்கு ஒன்று என்ற கொள்கை கைவிடப்பட்டு, பள்ளிக்குச் சில கருவிகள் கொண்ட தொழில்நுட்ப வள மையங்கள் அமைக்கப்பட்டன. நகரப் பள்ளிகளுக்கும் உயர்நிலைப் பள்ளிகளுக்கும் கருவிகள் பிரித்தளிக்கப்பட்டன. எண்ணிக்கை எட்டரை லட்சத்தைத் தொட்டது இந்தக் கட்டத்தில்தான். 2011இல் ஒயாந்தா உமாலா ஆட்சிக்கு வந்தபின் பெரிய கொள்முதல்கள் நின்றன. 2012இல் நடந்த பன்னாட்டு மாணவர் மதிப்பீட்டில் பங்கேற்ற 65 நாடுகள், பகுதிகளில் பெரு கடைசி இடத்தில் இருந்தது. இதற்கு மடிக்கணினியைக் காரணம் சொல்ல முடியாது. தேர்வெழுதியவர்கள் 15 வயதினர், தொடக்கப்பள்ளித் திட்டத்தோடு பெரும்பாலும் தொடர்பில்லாதவர்கள். ஆனால் அரசியல் விவாதத்தில் இரண்டும் ஒன்றாகக் கலந்தன. திட்டத்தை நடத்திய பெசெரா அதன் நியாயத்தை விட்டுக்கொடுக்கவில்லை. 2022 டிசம்பரில் அவரே நாட்டின் கல்வி அமைச்சரானார்.

2020இல் கொரோனா தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது பெருவின் கையில் உடனே இருந்தது மடிக்கணினி அன்று. ஏப்ரல் 6 அன்று தொடங்கிய 'வீட்டிலிருந்து கற்கிறேன்' திட்டம் அரசுத் தொலைக்காட்சி, வானொலி, இணையம் ஆகிய மூன்றின் வழியாகவும் நடந்தது. மலைக்கும் காட்டுக்கும் அதிகம் பயன்பட்டது வானொலியே. பூர்வகுடி மொழிகள் பலவற்றிலும் பாடங்கள் ஒலிபரப்பாயின. அதே மாதம் கிராமப்புற மாணவர்களுக்குக் கைக்கணினிகள் வாங்கப்போவதாக அரசு அறிவித்தது. முதல் ஒப்பந்தம் ரத்தாகி, மறுகொள்முதலில் எண்ணிக்கை பத்து லட்சத்தைத் தாண்டியது. வழங்கும் பணி 2021 வரை இழுத்தது. இந்தக் கைக்கணினிகளில் வகுப்பு வாரியாகவும் பாட வாரியாகவும் பிரித்த உள்ளடக்கம் இணையமின்றியே திறக்கும்படி ஏற்றப்பட்டிருந்தது. மின்சாரம் இல்லாத வீடுகளுக்குச் சூரிய மின்னேற்றிகள் உடன் அனுப்பப்பட்டன. எக்ஸ்ஓ காலத்தில் விடுபட்டவற்றுள் இரண்டு இம்முறை கவனிக்கப்பட்டன. கருவியை எந்தப் பாடவேளையில் திறப்பது, திறந்தபின் ஆசிரியர் என்ன செய்வது என்பதற்கான பயிற்சியும் துணையும் இம்முறையும் கருவிக்குப் பின்னால்தான் வரிசையில் நின்றன.